சக்களத்திக்குக் காய்ச்சல்

அஜீசாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய சக்களத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சக்களத்தி என்பது அஜீசா வைத்த பெயர். நிஜப் பெயர் நூரி. வெள்ளைக் குதிரை, வயது பதினாறு, யானைக்கவுனிப் பக்கத்து மார்வாடிக் கல்யாணங்களில் மாப்பிள்ளையைச் சுமந்து போவது அதன் வேலை. பட்டாசுச் சத்தம், பேண்டு செட்டு, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் ஹாரன், எதற்கும் மிரளாது. அஜீசாவைக் கண்டால் மட்டும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நான் ரமாபாய். தண்டையார்பேட்டையில் அவர்கள் சந்தில்தான் குடியிருக்கிறேன். சுகாதார நிலையம் ஒன்றில் நர்ஸ் வேலை, இருபத்தாறு வருஷமாக. என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் நேர் கீழே நூரியின் கொட்டகை, பாதிக்குத்தான் கூரை, உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். அதற்கு எதிரில் அஜீசாவின் வீடு, ஒரு அறை, ஒரு சமையற்கட்டு. பதினோரு வருஷமாக அந்த மூன்று பேரையும் மேலிருந்து பார்த்து வருகிறேன் என்பதால் இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. இந்தக் கதையில் என் தப்பும் ஒன்று இருக்கிறது, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது ஆள் அத்தாவுல்லா பாய், அஜீசாவின் புருஷன், நூரியின் சொந்தக்காரர். அதிகாலைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேராகக் கொட்டகைக்குத்தான் வருவார். ஒரு சிட்டிகை சோம்பை வாயில் போட்டு மெல்லுவார். பிஸ்மில்லா சொல்லி, நூரியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, மூக்குக்குள் மெதுவாக ஊதுவார். கொஞ்ச நேரம் கழித்து நூரி அவர் முகத்தில் திருப்பி ஊதும். அதற்குப் பிறகுதான் அதற்குத் தீனி. இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒருநாள் கேட்டேன். "அவதான் சிஸ்டர்" என்று குதிரையைக் காட்டினார்.

ஊதி முடித்து வீட்டுக்குள் நுழைந்ததும் பொண்டாட்டியிடம் அவர் பேசும் முதல் வார்த்தை, "டீ ஆச்சா?"

அஜீசாவுக்கு வயிறெரிவது இந்த இடத்தில்தான். "த பாருக்கா, அவகிட்ட மூக்கோட மூக்கு வச்சு சலாம் சொல்லிட்டு வந்து எங்கிட்ட டீ கேக்குறாரு. நான் உசுரோட கீறனா இல்லியான்னு ஒரு நாளாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?" என்பாள். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள். அழுது புலம்புகிற சாதி இல்லை அவள்.

அஜீசாவுக்குக் காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. ஐஸ் தண்ணீரில் கையை விட்டபடி காலையிலிருந்து மத்தியானம் வரை நிற்க வேண்டும். அவள் கை வேகம் அங்கே யாருக்கும் வராது. பேசிக்கொண்டே உரிப்பாள், ஊர் வம்பு ஒன்று முடிவதற்குள் கூடை ஒன்று முடிந்துவிடும். வேலை முடிந்ததும் எலுமிச்சை, புளி, சீயக்காய் என்று வரிசையாகத் தேய்த்தாலும் விரல் நுனியில் இறால் வாடை உட்கார்ந்தேயிருக்கும். நூரிக்கு ஆகாதது அந்த வாடைதான். ஒருமுறை பாய் ஊரில் இல்லாதபோது அஜீசா கேரட் நீட்டினாள், நூரி அதை மோந்து பார்த்துவிட்டுப் பெரிதாகத் தும்மியது. அன்றோடு அஜீசா கொட்டகைக்குள் கால் வைப்பதை நிறுத்திக்கொண்டாள்.

போன ஐப்பசி மழையில் ஊர் முழுக்கக் காய்ச்சல். எங்கள் நிலையத்தில் இருமல் சத்தத்தில் டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்காது. பாயும் வந்து வரிசையில் நின்றார். கொதிக்கும் உடம்பு, வறட்டு இருமல், கை கால் வலி. பார்த்தவுடனே தெரிந்தது, ஃப்ளூ. எனக்குப் பகீரென்றது. ஏனென்றால் அவர் மகள் லுப்னா அப்போது தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள், எட்டாம் மாதம். கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் சாதாரணமாகப் போகாது.

"பாய், நல்லா கேட்டுக்கோ. மனுசங்க மூஞ்சிப் பக்கமே போவக்கூடாது. தனியா இரு" என்று கத்தினேன். எனக்குக் கத்தித்தான் பழக்கம்.

"தனியா எங்க சிஸ்டர் கீறது? வூட்ல கீறதே ஒரு ரூமு."

"எங்கியாச்சும் இரு. அந்தப் புள்ள மேல மட்டும் உன் மூச்சு படக்கூடாது, அவ்ளோதான்."

எங்கியாச்சும் இரு என்று சொன்னேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு. அத்தாவுல்லா பாய் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். கோரைப்பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய் நூரியின் கொட்டகையில் படுத்துவிட்டார். சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனவள் அதைப் பார்த்தேன். பார்த்து, பரவாயில்லையே, மனுஷன் பொறுப்பாக இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். இருபத்தாறு வருஷ நர்ஸுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அஜீசா சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பாள். அவள் வந்தால் பாய் மாஸ்க்கை மாட்டிக்கொள்வார், போனதும் கழற்றிவிடுவார். கொட்டகைக்குள் மனுஷர் யாரும் இல்லையே, யாருக்கு மாஸ்க்? நாள் முழுக்க நூரியின் காலடியில் படுத்து இருமினார். பொழுது போகாமல் காலையில் ஒருதரம் ஊதுகிறவர் மூன்று தரம் நாலு தரம் ஊதினார். அதன் மூச்சுக் காற்று பட்டால் தலைவலி குறைகிற மாதிரி இருக்கிறது என்று பிறகு என்னிடமே சொன்னார்.

ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல் இறங்கியது. அன்றைக்குத்தான் நூரி இருமியது.

முதலில் வைக்கோல் தூசி என்று நினைத்தார். மறுநாள் காலையில் மூக்கு ஒழுகியது, தலை தொங்கியது, வைத்த தீனி வைத்தபடி இருந்தது. பாய் பதறிப்போய் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் மதி சின்ன வயசுப் பெண். மழைக்கோட்டோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நானும் மாடியிலிருந்து இறங்கிப் போய் நின்றேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், காய்ச்சல் பார்த்தாள். நூற்று மூன்றரை. பிறகு பாயைப் பார்த்து, "வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா? இருமல், சளி?" என்றாள்.

பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எனக்குத்தான் டாக்டர். ஆனா நான் யார்கூடவும் சேரல. இவகூடத்தான் கீறேன், ஒரு வாரமா."

டாக்டர் மதி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நிதானமாகச் சொன்னாள். நமக்கு வருகிற ஃப்ளூவும் கொரோனாவும் நம்மோடு நிற்பதில்லை. வீட்டில் ஆட்கள் காய்ச்சலாகக் கிடந்தபோது அவர்களோடு இருந்த பூனைக்கும் நாய்க்கும் தொற்றியதைப் பார்த்திருக்கிறார்கள். குதிரைக்கு அதற்கென்றே தனியாக ஒரு ஃப்ளூ இருக்கிறது. மனுஷனுடையது குதிரைக்குப் போவது அபூர்வம், அதைப் பற்றி இன்னும் முழுசாகத் தெரியாது. "மூக்குல துடைச்சு லேபுக்கு அனுப்புறேன். எதுவா இருந்தாலும் சரி, உங்க இருமல் முழுசா நிக்கற வரைக்கும் நீங்க இவ பக்கத்துல வரக்கூடாது. ஊதறதெல்லாம் கூடவே கூடாது."

"நான் ஊதலன்னா அவ துன்ன மாட்டாளே டாக்டர்!"

"வேற யாராவது பாத்துக்கணும். சளி, காய்ச்சல் இல்லாத ஆளா."

அப்போது அஜீசா தூக்கோடு வாசலில் நின்றிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம்.

"இன்னாத்துக்கு என்னியப் பாக்கறீங்க?" என்றாள் அஜீசா.

அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை, லுப்னாவுக்கும் இல்லை. பாய் கொட்டகையில் போய்ப் படுத்த புண்ணியம். மனுஷர்களைக் காப்பாற்றிவிட்டு நூரியைப் படுக்க வைத்திருந்தார், இப்போது நூரியைப் பார்த்துக்கொள்ள அந்தச் சந்தில் தோதான ஆள் அவருடைய பொண்டாட்டி மட்டும்தான். பாயை என் மொட்டை மாடியில் தகர ஷீட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டேன். தப்புக்குப் பரிகாரமாக மூன்று வேளையும் ரசம் சாதம் நானே கொடுத்தேன்.

அஜீசா ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். வெளியே வந்ததும் கைகால் கழுவி, புடவை மாற்றித்தான் லுப்னா பக்கம் போவாள். காலையும் மாலையும் குதிரைக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும், அதுவும் வால் பக்கம். ஆயிரம் வாயில் தெர்மாமீட்டர் வைத்த எனக்கே அது புது அனுபவம். நான் வாலைத் தூக்கிப் பிடித்தேன், அஜீசா பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். "நிக்காஹ் பண்ணி வச்ச ஹஜ்ரத்து இதெல்லாம் சொல்லவேயில்லக்கா" என்றாள். எனக்குச் சிரித்து மாளவில்லை.

ஆனால் நூரி சாப்பிடவில்லை. தவிட்டை வெந்நீரில் பிசைந்து வெல்லம் போட்டு வைத்தாள், மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. புல்லை நனைத்து வைத்தாள், தொடவில்லை. தண்ணீர் மட்டும் ரெண்டு வாய் குடித்தது. மாடியிலிருந்து பாய், "கொஞ்சம் உப்பு போடு! இடது பக்கமா நில்லு!" என்று கத்துவார். அஜீசா கீழேயிருந்து, "நீ வாயை மூடிக்கினு படு!" என்பாள். அவர் குரல் கேட்கும்போதெல்லாம் நூரி தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கும். அவர் வரமாட்டார். மறுபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். இதை ரெண்டாம் நாள்தான் கவனித்தேன். இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று பாயிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் கைப்பிடிச் சுவரில் மோவாயை வைத்து, துண்டை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் மதி என்னிடம் போனில் சொன்னாள்: "குதிரைக்கு வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும் மேடம். நின்னுட்டா காய்ச்சலைவிட அதுதான் ஆபத்து. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஏதாவது உள்ள போகலன்னா வண்டி வச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டு வந்துடுங்க, குழாய் போடலாம். வயசாயிடுச்சு, தாங்குமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

இதைப் பாயிடம் மறைக்க முடியவில்லை. துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். "நான்தான் சிஸ்டர். பாசம்னு நெனச்சு ஊதி ஊதி, என் கையாலயே அவள…" மேலே பேச முடியாமல் இருமினார். அவர் மட்டுமா? எங்கியாச்சும் இரு என்று சொன்னது யார்?

கீழே அஜீசா தவிட்டுச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அழுகைச் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் அழுது அவள் பார்த்ததில்லை.

"லுப்னாத்தா, அழுவாத. அந்த ஊதுறது எப்டின்னு எனக்குச் சொல்லு" என்றாள் புருஷனிடம். லுப்னாவின் அத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

நான் உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். அஜீசாவுக்குக் காய்ச்சல், இருமல், சளி, தொண்டை வலி எதுவும் இல்லையே என்று நாலு தரம் கேட்டுவிட்டு, "இப்ப நூரி சாப்பிடறதுதான் முக்கியம். ஒருதரம் பண்ணிப் பாருங்க" என்றாள் டாக்டர். அதற்கப்புறம் கொஞ்ச நாள் லுப்னா பக்கம் மாஸ்க்கோடுதான் போக வேண்டும் என்று அஜீசாவிடம் நான் கறாராகச் சொல்லிவைத்தேன். பாய் மெல்லிய குரலில் சொல்ல, நான் கைப்பிடிச் சுவர் மேல் குனிந்து கீழே சொன்னேன். சோம்பை நன்றாக மென்றுகொள். நேராகக் கண்ணைப் பார்க்காதே. பலமாக ஊதாதே, சூடான டீயை ஆற்றுகிற அளவுக்குத்தான். ஊதியபின் அசையவே கூடாது, அது திருப்பி ஊதுகிற வரைக்கும்.

"என் கை வாடை அவளுக்கு ஆவாதே?"

இதற்குப் பாய் நேராகவே பதில் சொன்னார். "கையைப் பின்னால கட்டிக்க. மூஞ்ச மட்டும் குடு."

அஜீசா சோம்பை மென்றாள். மாஸ்க்கை இறக்கினாள். இறால் உரித்து உரித்து வெளுத்துப்போன கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நூரியின் முன்னால் போய் நின்றாள். நூரி காதை மடக்கி முகத்தைத் திருப்பியது. அஜீசா சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், அது இந்தப் பக்கம் திருப்பியது. மறுபடி போனாள். இந்தமுறை நெற்றியால் ஒரு முட்டு முட்டியதில் அவளுடைய முக்காடு விழுந்து சாணியில் கிடந்தது. குனிந்து எடுத்திருப்பாள், ஆனால் கை பின்னால் கட்டியிருந்ததே. அப்படியே விட்டுவிட்டாள்.

"இந்தாடி, எனக்கும் உனக்கும் ஆயிரம் சண்டை கீது. அத்த அப்பால வச்சுக்கலாம்" என்றாள் அஜீசா. அவள் குரல் உடைந்திருந்தது. "நீ பூட்டேன்னா அந்தாளு என்னாத்துக்கு ஆவாரு? அத்தக் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

முகத்தைக் கிட்டே கொண்டுபோய், பிஸ்மில்லா என்று முணுமுணுத்து, மெதுவாக ஊதினாள்.

நூரியின் காது ஒன்று முன்னால் வந்தது. மூக்குத் துவாரம் விரிந்தது. அவள் கன்னத்தை, நெற்றியை, வாயை மோந்து பார்த்தது. அஜீசா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அவள் அசையவில்லை. பிறகு நூரி அவள் முகத்தில் நீளமாக, சளியும் ஈரமுமாக ஊதியது.

மாடியில் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் மாஸ்க்குக்கு மேலேயே கையை வைத்துப் பொத்தினேன்.

அஜீசா முகத்தைத் துடைக்கவில்லை. கையை முன்னால் கொண்டுவந்து, சட்டியிலிருந்து ஒரு பிடி தவிட்டை அள்ளி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பதினோரு வருஷமாக ஒதுக்கித் தள்ளிய அந்தக் கையிலிருந்து நூரி தின்றது. அரைச் சட்டி காலியானது. "கலீஜ் புடிச்சவ, மூஞ்செல்லாம் சளி" என்று திட்டிக்கொண்டே அஜீசா அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

அதன் பிறகு எல்லாம் சுமுகம். நாலு நாளில் காய்ச்சல் இறங்கியது. பாயின் இருமல் நின்று, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் அவரைக் கீழே அனுப்பினேன். லேப் ரிப்போர்ட்டும் வந்தது. குதிரைக்கென்று உள்ள ஃப்ளூ இல்லையாம். மனுஷர்களிடம் சுற்றுகிற வகையின் அடையாளம் லேசாக இருந்ததாம். "பாய் மூக்குல இருந்தது இவ மூக்குக்குப் போயிருக்குன்னு சொல்லலாம். இவளைப் படுக்க வச்சது அதுதானான்னு கேட்டா, எனக்குத் தெரியாது" என்றாள் டாக்டர் மதி. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து எனக்குச் சளி பிடித்தால் என் வீட்டுப் பூனையையும் மடியில் ஏற விடுவதில்லை. அது கோபித்துக்கொண்டு அஜீசா வீட்டுக்குப் போய்விடுகிறது, இறால் வாடை அதற்குச் சொர்க்கம்.

கார்த்திகையில் லுப்னாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம். நூரிக்கு டாக்டர் சொன்னபடி முழுசாக ஓய்வு கொடுத்துவிட்டு, தை மாதம் மறுபடி யானைக்கவுனிக்குக் கூட்டிப் போனார்கள்.

அஜீசா பழையபடி ஷெட்டுக்குப் போகிறாள். ஆனால் காலையில் நூரிக்கு இப்போது ரெண்டு பேர் ஊத வேண்டியிருக்கிறது. அவர் மட்டும் ஊதினால் தீனியில் வாய் வைக்காமல் எதிர்வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதனால் டாக்டர் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். கொட்டகைக்குள் போகுமுன் தினமும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ள வேண்டும். யாருக்காவது லேசாகச் சளி என்றாலும் அன்றைக்கு உள்ளே போகக் கூடாது.

பாய்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறவராயிற்றே. இப்போதெல்லாம் தொழுகை முடிந்து நேராக வீட்டு வாசலுக்கு வருகிறார். டீ கேட்பதில்லை. "அஜீசா, உடம்பு எப்டி கீது? தொண்டை வலி இல்லியே? ராத்திரி இருமுன மாதிரி இருந்துச்சே?" என்று கேட்டு, புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்க்கிறார். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் ரெண்டு பேரும் சோம்பை வாயில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போகிறார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. போன வாரம் அவளிடம், "ரொம்பப் பூரிச்சுப் போவாத. அது ஒன்னும் உனுக்கோசரம் இல்ல, குதிரைக்கோசரம் கேக்குறாரு" என்றேன்.

அஜீசா டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா, குதிரைக்கோசரந்தான்" என்றாள். டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "ஆனாலும் தெனமும் கேக்குறாருல்ல?"